விஷக்கன்னியும் பிச்சை கேட்டு வந்த அம்மாவும்

எங்கட மொன்றியலில், மைல் எண்ட் பகுதியில், சென் லோறன் வீதியில் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. முந்தி தையல் தொழிற்சாலை, இப்போது யுபிசொவ்ட் கொம்பனி. 2007இல் 'அசாசின்ஸ் கிறீட்' அங்கேயிருந்துதான் வந்தது. விளையாடினவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: வெள்ளை அங்கி போட்ட கல்விமான்களோடு தலையைக் குனிந்து நடந்தால் காவலாளிகள் அல்தாயிரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 2009இல் வந்த இரண்டாவதில் பெண்களுக்கு என்ன வேலை? காசு கொடுத்தால் கணிகையர் கூட்டம் வந்து காவலாளிகளை மயக்கும். (கூட்டத்தில் கலந்து மறைய எசியோவுக்குப் பழக்குவது பாவோலா என்ற பெண். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆணுக்கு அங்கி, பெண்ணுக்கு அழகு. முன்னோரின் நினைவை மரபணுவிலிருந்து எடுக்கிற இயந்திரத்தையே கற்பனை செய்தவர்கள், இந்தப் பங்கீட்டைப் பெரிதாக மாற்றவில்லை.

துறவி வேடத்தில் உளவு பார்ப்பது எங்களுக்குப் பழைய கதை. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் 'ஒற்றாடல்'. அதில் 586ஆம் குறள் இந்த வேடத்தைப் பற்றியது. வள்ளுவர் 'துறந்தார்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டார். அது ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லில் தெரியாது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அதைச் சொல்கிறது. அந்த நூல் தொலைந்துவிட்டது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1905இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் ஓரியண்டல் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி அதை அடையாளம் கண்டு 1909இல் அச்சில் கொண்டுவந்தார்.

அதில் வரும் பெண் ஒற்றர் யார் தெரியுமா? ஏழை. விதவை. பிழைக்க வழி தேடுகிறவர், ஆனால் துணிச்சல்காரி. துறவியாக அலைகிறவர் என்பதால் அரண்மனையில் மரியாதை உண்டு. அமைச்சர்களின் வீட்டுக்குள்ளும் போய்வரலாம். மொட்டையடித்த பெண் துறவிகளும் இதே வேலையைச் செய்யலாம் என்கிறது நூல். வீட்டுக்குள் சமையல்காரர் போன்றவர்கள் கண்டதைக் கேட்டதை, பிச்சைக்கு வரும் பெண் துறவி வெளியே கொண்டுபோவார். வாசலில் அவரைத் தடுத்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வேலைக்காரரின் தாய் தகப்பன் மாதிரி நடித்து வருகிறவர்கள், கைவினை செய்யும் பெண்கள், பணிப்பெண்கள் என்று வேறு ஆட்கள் வருவார்கள். செய்தி பாட்டாகப் போகும், சைகையாகப் போகும், மறைத்த கடிதமாகவும் போகும். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் நம்பவேண்டும். கணினித் துறையில் இருக்கிற எனக்கு அந்த விதி மிகவும் பிடித்தது.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அம்மா போதவில்லை. 'முத்ராராட்சசம்' நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல ஒரு விஷக்கன்னியை அனுப்புகிறார்கள். சாணக்கியன் அவளை பர்வதகனிடம் திருப்பிவிடுகிறான். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் நந்தினி. 2022இல் வந்த படத்தில் ஐஸ்வர்யா ராயைப் பார்த்திருப்பீர்கள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்து உடையார்குடியில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களின் சொந்தக்காரரின் சொத்தையும் சேர்த்துப் பறிக்கிற கல்வெட்டு இருக்கிறது. நந்தினி அதில் இல்லை. அவளைக் கல்கிதான் அந்தச் சதிக்குள் கொண்டுவந்தார். நந்தினி எனக்கும் பிடித்த பாத்திரம்தான். ஆனால் அவள் வந்தால் சபையே திரும்பிப் பார்க்குமே, பிறகு எப்படி உளவு பார்ப்பது?

நிஜத்துக்குக் கிட்ட வருகிறவர் சரஸ்வதி ராஜாமணி. 1927இல் ரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர், 2018இல் சென்னையில் காலமானார். தலைமுடியை வெட்டி, 'மணி' என்ற பொடியனாக ஆங்கில அதிகாரிகளிடம் எடுபிடி வேலை பார்த்துத் தகவல் எடுத்ததாகப் பேட்டிகளில் சொன்னார். பிடிபட்ட தோழியை மீட்க ஒரு தடவை நடனக்காரியாக வேடம் போட்டதும், தப்பி ஓடும்போது காலில் குண்டு பட்டதும் அதே பேட்டிகளில் வருகிறது. யாராவது படம் எடுத்தால் அந்த நடன இரவைத்தான் பெரிசாக எடுப்பார்கள். எனக்கு மற்ற நாட்களைப் பார்க்க வேண்டும்: துரைமார் பேசிக்கொண்டிருக்க, யாரும் கவனிக்காமல் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கிற மணியை.