துக்க மாதத்து அடுமனை: ஹைதராபாத்தின் ரோட்டும் ஹாலோவீனின் ஆன்ம அப்பமும்

அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில் ஹைதராபாத்தின் மேற்குப் பகுதி அடுக்ககங்களில் ஒரு புதிய வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கச்சிபௌலி, மாதாபூர் பக்கத்து வீடுகளில் சிலந்தி வடிவ பிஸ்கட்டுகளும், பேய்முகம் வரைந்த கப்கேக்குகளும், எலும்புக்கூட்டு வடிவில் வெட்டிய இஞ்சி ரொட்டிகளும் மின்னடுப்பில் வேகின்றன. பிள்ளைகள் வேடமிட்டுக் கதவு தட்டுகிறார்கள். இதைப் பார்ப்பவர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிகிறார்கள்: அமெரிக்கப் பண்பாட்டின் படையெடுப்பு என்று சினப்பவர் ஒரு பக்கம், பிள்ளைகளின் விளையாட்டுதானே என்று கடந்துபோவோர் மறுபக்கம். இரு தரப்பினரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறந்தோரை நினைக்கும் பருவத்தில் மாவு பிசைந்து சுட்டு, வாசலுக்கு வருவோர்க்குக் கொடுப்பதும், அந்நாள்களில் வேடமிட்டுத் தெருவில் திரிவதும் இந்நகரத்துக்குப் புதியன அல்ல. நகரம் பிறந்த நாளிலிருந்து தொடரும் முஹர்ரம் மரபில் இவ்விரண்டுக்கும் இடமிருந்தது.

ஹாலோவீனின் தின்பண்டங்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். அது முழுக்க முழுக்கக் கெல்ட்டியரின் பழஞ்சமயத் திருவிழா என்று வணிக இதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. ஆவணங்கள் அவ்வளவு எளிதாக ஒத்துழைப்பதில்லை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாளாக மேற்குத் திருச்சபையில் 9ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அடுத்த நாளான நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவருக்குமான நாளாகக் குளூனி மடத்திலிருந்து பரவியது. தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுபோவது இந்நாளில்தான். உத்தரிப்பு நிலையில் தவிக்கும் ஆன்மாக்களுக்காக உயிரோடிருப்பவர் வேண்டினால் அவற்றின் துன்பம் குறையும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. இங்கிலாந்தில் இந்நம்பிக்கை ஓர் அப்பமாக உருவெடுத்தது. ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று இறந்தோர்க்காக வேண்டுவர். வீட்டார் அவர்களுக்கு மசாலாவும் உலர்ந்த திராட்சையும் கலந்த சிறு அப்பத்தைக் கொடுப்பர். அதன் பெயரே ஆன்ம அப்பம். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி, ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் இவ்வப்பங்களை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக உயரக் குவித்துவைத்திருப்பதையும், வருவோர் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொள்வதையும் குறித்துவைத்திருக்கிறார்.

அவர் எழுதிய காலத்தில் இங்கிலாந்து சீர்திருத்தச் சமயத்துக்கு மாறி நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உத்தரிப்பு நிலை என்பதே இல்லை, உயிரோடிருப்பவரின் வேண்டுதலோ அப்பமோ இறந்தவரைச் சென்றடையாது என்பது அரசு ஏற்ற கோட்பாடு. கோட்பாடு போயிற்று, அப்பம் போகவில்லை. செஷயர், ஷ்ராப்ஷயர் போன்ற இடங்களில் அதன் எச்சம் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. சடங்கை ஆராய்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. நம்பிக்கை தளர்ந்த பின்பும் கை மாவைப் பிசைந்துகொண்டே இருக்கிறது.

இனி ஹைதராபாத். ஹிஜ்ரி 1000ஐ ஒட்டி, 1591இல், முகம்மது குலி குதுப் ஷா இந்நகரை நிறுவினார். ஷியா மரபினரான அவ்வரசரே தக்கனி மொழியில் கர்பலாவுக்கு இரங்கற்பா பாடியவர். சார்மினாரை அடுத்து அவர் எழுப்பிய பாதுஷாஹி ஆஷூர்கானா, நகரத்தின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைனும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டதை நினைக்கும் முஹர்ரம் மாதத்தில் அலம் எனப்படும் கொடிச்சின்னங்கள் அங்கே நிறுத்தப்படும். 1687இல் கோல்கொண்டா முகலாயரிடம் வீழ்ந்தபின் மங்கிய இச்சடங்குகளுக்கு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ஆசஃப் ஜா நிஜாம் அலி கான் மீண்டும் ஆதரவளித்தார். ஆசஃப் ஜாஹிகள் சுன்னி மரபினர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். முஹர்ரம் ஒரு பிரிவினரின் துக்கமாக மட்டும் நில்லாமல் நகரத்தின் துக்கமாக மாறியதற்கு அரசவையின் இந்த ஆதரவும் ஒரு காரணம். தெலங்கானா ஊர்களில் அதற்குப் பீர்ல பண்டுக என்று பெயர். அலமைத் தூக்குவோரிலும் நேர்ச்சை செலுத்துவோரிலும் இந்துக்கள் பெரும்பகுதியினர். தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் இந்துக்களே உள்ளங்கை வடிவத்தை வைத்து முஹர்ரம் கொண்டாடித் தீமிதிப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இம்மாதத்தின் தின்பண்டம் ‘தம் கே ரோட்’. தமிழ்க் காதுக்குச் சாலையைப் போல ஒலிக்கும் இச்சொல், ரொட்டி என்ற சொல்லின் நெருங்கிய உறவு. தடித்த, இனிப்பான, படையலுக்குரிய ரொட்டிக்கு இப்பெயர் வட இந்தியா முழுவதும் உண்டு. காஷ்மீரப் பண்டிதர்கள் விநாயக சதுர்த்தியை ஒட்டிய பன் வழிபாட்டில் படைக்கும் ரோத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘தம்’ என்பது பிரியாணியால் நமக்குப் பழகிய சொல். மூடிய கலத்தின் கீழும் மேலும் தணல் வைத்து, உள்ளிருக்கும் ஆவியிலும் சூட்டிலும் வேகவைப்பது.

செய்முறையில் நுட்பம் உண்டு, கடினம் இல்லை. ரவையும் கோதுமை மாவும் அடிப்படை. நெய், சர்க்கரை, பால் அல்லது கோவா, ஏலப்பொடி, பாலில் ஊறிய குங்குமப்பூ ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ரவை ஈரத்தை முழுக்க உறிஞ்சும்வரை சில மணிநேரம் மூடிவைக்க வேண்டும். இந்த ஊறலைச் சுருக்கினால் சுட்டபின் பல்லில் மணல் கடிபடும். நொதி சேர்ப்பதில்லை. எனவே மாவு உப்புவதில்லை. நெய் மாவின் பசையை இழையோட விடாது தடுப்பதால் விரலால் தொட்டாலே உதிரும் பதம் கிடைக்கிறது. உள்ளங்கை அளவு வட்டங்களாகத் தட்டி, கத்தியால் கட்டங்கீறி, பாதாமும் முந்திரியும் சாரப்பருப்பும் அழுத்துவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. கசகசா தூவுவதும் அவர்களுடையதே. நெய் தடவிய தட்டில் மிதமான சூட்டில், விளிம்பு செம்பழுப்பாகும்வரை சுட்டால் போதும். சூடாக இருக்கும்போது எடுத்தால் உடைந்துவிடும். தட்டிலேயே ஆறவிட வேண்டும். ஈரம் குறைவாதலால் பல நாள் கெடாது. பத்து நாள் துக்கத்தில் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய பண்டத்துக்கு இப்பண்பு இன்றியமையாதது.

மின்னடுப்பு இல்லாத வீடுகளில் இது எவ்வாறு வெந்தது? இரு வழிகள் இருந்தன. ஒன்று, மேலே சொன்ன தணல் முறை. மற்றொன்று, வீட்டில் பிசைந்த மாவைத் தட்டில் அடுக்கித் தெருமுனை அடுமனைக்கு அனுப்பிச் சுட்டு வாங்குவது. மாவும் அளவும் வீட்டாருடையவை, நெருப்பு மட்டும் அடுமனையினுடையது. ஹைதராபாத்தில் அடுமனைத் தொழில் செழித்த பின்னணி பன்முகமானது. 1806இல் உருவான சிக்கந்தராபாத் படைவீட்டின் ஆங்கிலேயச் சமையல், ஈரானியர் திறந்த தேநீர்க் கடைகள், பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்தோர் தொடங்கிய கடைகள் என ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. 1953இல் கான்சந்த் ராம்நானி தொடங்கிய கராச்சி பேக்கரி மூன்றாவது அடுக்கின் புகழ்பெற்ற பெயர். ஆயினும் அதன் பழபிஸ்கட்டும், ஈரானித் தேநீருடன் வரும் உஸ்மானியா பிஸ்கட்டும் ஆண்டு முழுவதும் கிடைப்பவை. ரோட் மட்டுமே நாள்காட்டி பார்த்து வருவது. முஹர்ரம் பிறந்தால் நாம்பள்ளி சுபான் பேக்கரி முன் வரிசை நிற்கும்.

ரோட்டின் தோற்றத்துக்கு நகரத்தில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் (ஆட்சி 1911–1948) நலமாக வாழவேண்டி அவருடைய பாட்டியார் பத்தர்கட்டியிலுள்ள நால் முபாரக் அலமுக்கு ரோட் நேர்ந்துகொண்டு ஏழைகளுக்குப் பகிர்ந்தார் என்பது அது. சிலர் பாட்டியார் என்பர், சிலர் தாயார் என்பர். உஸ்மானியா பிஸ்கட்டையும் இதே நிஜாமோடு இணைக்கும் கதை வழங்குவதைப் பார்க்கும்போது, நகரத்தின் நல்லன எல்லாவற்றையும் கடைசி நிஜாமின் கணக்கில் எழுதும் பழக்கம் இங்கும் வேலை செய்திருக்கிறது என்றே கொள்ளலாம். கதையில் வரலாற்று மெய் எவ்வளவு என்பதைவிட, அது எதை வலியுறுத்துகிறது என்பது முக்கியம். ஒரு பிள்ளையின் உயிருக்காக, கொல்லப்பட்டவர் ஒருவரின் நினைவுச்சின்னத்தின் முன், ஒரு பெண் நேர்ந்தது இது. அதைத் தின்றவரோ அப்பிள்ளை அல்லர், யாரென்றறியாத ஏழை. ஆன்ம அப்பத்தில் இருந்த அதே முக்கோணம் இங்கும் இருக்கிறது: சுட்டவர், இறந்தவர், வாசலில் நிற்பவர்.

வேடத்துக்கும் இதே சான்று கிடைக்கிறது. ஜாஃபர் ஷரீஃப் எழுத, ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலப்படுத்தி 1832இல் லண்டனில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’, தக்காண முஹர்ரத்தின் வேடதாரிகளை நீண்ட பட்டியலாகத் தருகிறது. புலி, கரடி, மஜ்னூன், பலவகைப் பக்கிரிகள் எனத் தெரு நிறைந்திருந்தது. நேர்ந்துகொண்ட பிள்ளைகளுக்குப் பச்சை ஆடை உடுத்தி, இமாமின் பக்கிரியாக்கி, சில வீடுகளில் பிச்சை கேட்க வைக்கும் வழக்கமும் இருந்தது. ஷ்ராப்ஷயர் சிறுவனும் தக்காணச் சிறுவனும் ஒருவரையொருவர் அறியார்; இரு கண்டங்களில் நின்று ஏறக்குறைய ஒன்றையே கேட்டார்கள். எனினும் ஒப்புமை ஓரெல்லையோடு நிற்க வேண்டும். முஹர்ரம் ஷியாக்களுக்கு மெய்யான துக்கம். தெருவின் வேடிக்கை அத்துக்கத்தின் ஓரத்தில் நிகழ்ந்ததேயன்றி அதன் மையம் அன்று. 2014இல் அக்டோபர் 31, முஹர்ரத்தின் முதல் பத்து நாள்களுக்குள் விழுந்தது. அவ்வாண்டு ஒரே மாலையில் நகரின் ஓர் எல்லையில் நோஹா ஒலிக்க, மற்றோர் எல்லையில் பிளாஸ்டிக் மண்டையோடுகள் தொங்கின. இரண்டையும் ஒன்றென்பது அறியாமை.

நோக்கங்கள் வேறாயினும் இரண்டும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: கொடுக்கும் உணவு இறந்தவருக்குச் சேருமா? இங்கிலாந்தின் சீர்திருத்தவாதிகள் கேட்டதை, 19ஆம் நூற்றாண்டு இஸ்லாமியச் சீர்திருத்தவாதிகள் முஹர்ரம் வேடங்களையும் படையல்களையும் நோக்கிக் கேட்டனர். தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் திவசச் சோற்றை நோக்கி அதையே இன்னும் கூர்மையாகக் கேட்டது. கேள்வி நியாயமானது. ஆயினும் சேருமிடத்தைப் போலவே, இடையில் உண்டவரும் கவனிக்கத்தக்கவர்.

தெலங்கானாவின் இந்து நாள்காட்டி இதே கோட்டில் மற்றொரு சான்று தருகிறது. மகாளய அமாவாசை அங்கே பெத்ரமாச. முன்னோர்க்குப் படைக்கும் அதே நாளில்தான் எங்கிலி பூல பதுக்கம்மா தொடங்குகிறது. துக்கத்தின் வாசலிலேயே பெண்களின் பூவிளையாட்டு. ஆறாம் நாளைத் தவிர ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேறு பண்டம். ஏழாம் நாளான வேப்பகாயல பதுக்கம்மாவில் அரிசிமாவை வேப்பங்காய் வடிவில் உருட்டிப் பொரிப்பர். கசப்புக் காயின் உருவில் தின்பண்டம் செய்யும் குறும்பு, பேய்முக பிஸ்கட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. இறுதி நாளின் மலீதா, ரொட்டியை உதிர்த்து வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை. பாரசீகப் பெயர் கொண்ட அதே மலீதாதான் தர்காக்களிலும் முஹர்ரம் படையல்களிலும் வைக்கப்படுகிறது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது தனிக்கதை. அயர்லாந்தினர் மோதிரமும் நாணயமும் உள்ளே வைத்துச் சுட்ட பார்ம்பிராக் ரொட்டியைத் துண்டாக்கி எதிர்காலம் பார்த்தனர். புலம்பெயர்ந்தோர் இத்தகைய விளையாட்டுகளைக் கொண்டுபோனார்கள். 1947இல் சர்க்கரைப் பங்கீடு முடிந்தபின் வீடுதோறும் இனிப்புக் கேட்கும் வழக்கம் அங்கே பெருகியது. தொடக்கத்தில் வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் சோள உருண்டையும் ஆப்பிளும் கொடுக்கப்பட்டன. பின்னர் அந்நியர் நஞ்சு வைப்பர், பிளேடு சொருகுவர் என்ற அச்சம் பரவியது. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் இறந்தான். நஞ்சு வைத்தவர் அவனுடைய தந்தையே என்று நீதிமன்றம் கண்டது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளை ஆராய்ந்து, அந்நியர் வைத்த ஹாலோவீன் நஞ்சால் பிள்ளை இறந்ததற்கு உறுதியான சான்று ஒன்றுமில்லை என்று 1985இல் எழுதினார். அதற்குள் வீட்டுப் பண்டம் வாசலை விட்டு வெளியேறி, ஆலையில் உறையிட்ட மிட்டாய் மட்டுமே எஞ்சியிருந்தது. சமயச் சீர்திருத்தம் நானூறு ஆண்டுகளில் முடிக்காததை வதந்தி இருபது ஆண்டுகளில் முடித்தது.

ஹைதராபாத்தின் ரோட்டை அச்சம் தீண்டவில்லை. சந்தை தீண்டியிருக்கிறது. இன்று அது எடையிட்டு அட்டைப்பெட்டியில் விற்கப்படுகிறது. தூதஞ்சலில் வெளிநாடும் போகிறது. நேர்ச்சைக்கு வாங்குவோர் வரிசையிலேயே, சுவைக்கு வாங்குவோரும் நிற்கின்றனர். மாவைத் தட்டில் அடுக்கி அடுமனைக்குக் கொண்டுபோகும் வீடுகள் பழைய நகரத்தில் அருகி வருகின்றன. மேற்கே அடுக்ககங்களிலோ ஒவ்வொரு வீட்டிலும் மின்னடுப்பு இருக்கிறது. அங்கே சுடப்படும் பேய்முக பிஸ்கட்டுகள் வளாகத்துப் பிள்ளைகளின் பைகளில் மட்டும் விழுகின்றன. வாயிற்காவலரைக் கடந்து வெளியார் யாரும் வந்து அந்தக் கதவுகளைத் தட்ட வழியில்லை.