பத்து நிமிடமும் சமநீதியும்

இலண்டனில் வாழ்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் பிரித்தானியாவுக்கு வெளியே பிறந்தவர்கள் என்கிறது 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு. டவர் ஹாம்லெட்ஸ், நியூஹாம், ஹாரோ போன்ற வட்டாரங்களில் குடும்ப மருத்துவர் நிலையம் ஒன்றின் காத்திருப்பு அறையில் சிலேட்டி, தமிழ், சோமாலி, குஜராத்தி, ருமேனிய மொழிகள் ஒரே காலைப்பொழுதில் காதில் விழும். 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதார சேவை, இவர்கள் எவரிடமும் கட்டணம் கேட்காமல் மருத்துவரைக் காண வழி செய்திருக்கிறது. பதிவு செய்துகொள்ளக் கடவுச்சீட்டோ வீட்டு முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. உள்ளே போனபின் ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது பத்து நிமிடம். எல்லோருக்கும் அதே பத்து நிமிடம் என்பதை நாம் நியாயம் என்று ஏற்றுப் பழகிவிட்டோம். அது நியாயம் அல்ல என்பதே என் வாதம். பலதரப்பட்ட மக்களுக்கு உழைக்கும் நிலையம் தேவை கூடியவருக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் நிலையத்துக்கு அரசும் பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

இதற்கான அடிப்படையை வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமான கிளின்கோரக்கில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் 'லான்செட்' இதழில் வகுத்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்ட விதி. விதியைச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. தம் பட்டியலில் பதிவான பெரியவர்களைத் தேடித் தேடி இரத்த அழுத்தம் பார்த்தார். நோயாளி தாமாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பிரித்தானியக் குடும்ப மருத்துவத்தின் உண்மையான பலம் இந்தப் பதிவுப் பட்டியல்தான். வந்தவருக்கு மட்டுமல்ல, வராதவருக்கும் பொறுப்பேற்கும் ஏற்பாடு அது. 2022இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று, பதினைந்து ஆண்டுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களிடையே இறப்பும் அவசர மருத்துவமனைச் சேர்க்கையும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்ததைக் கண்டது. அடிக்கடி வாடகை வீடு மாறும் நகரத்து ஏழைக்கு இந்தத் தொடர்ச்சி எளிதில் வாய்ப்பதில்லை.

தேவை ஏன் வேறுபடுகிறது என்பதை மருத்துவ அறைக்குள்ளேயே பார்க்கலாம். தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். குறைந்த உடல் எடையிலேயே வந்துவிடுகிறது. எனவே வெள்ளையர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25இல் வைக்கப்படும் எச்சரிக்கை எல்லை இவர்களுக்கு 23 ஆகிறது. நோன்பு மாதம் நெருங்கும்போது, சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் சில மாத்திரைகளின் வேளையையும் அளவையும் முன்கூட்டியே மாற்றிக் கொடுக்க வேண்டும். கேட்காத மருத்துவருக்கு நோன்பு இருப்பதே தெரியாது. வங்கமொழிக்கு நெருங்கிய சிலேட்டியைப் பேசும் முதியவர்களில் பலருக்கு வங்க எழுத்து வாசிக்க வராது. அவர்கள் கையில் வங்கமொழித் துண்டறிக்கையைத் திணித்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்க முடியாது. தாய்க்கு மாதவிடாய்ச் சிக்கல். மொழிபெயர்க்க வந்திருப்பதோ பள்ளியில் படிக்கும் மகன். அந்தத் தாய் பாதியைத்தான் சொல்வார், மகன் அதிலும் பாதியைத்தான் சொல்வான். தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாக்கியமும் இருமுறை பேசப்படுகிறது. பத்து நிமிடம் ஐந்தாகிவிடுகிறது.

ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டியது வந்தவர்களின் பொறுப்பல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கற்கத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சுவலி வகுப்பு முடியும்வரை காத்திருக்காது. புரியாமல் கொடுத்த மருந்துக்கும் தவறிய நோய்க்கும் ஆகும் செலவு உரைபெயர்ப்புச் செலவைவிடச் சிறியதாக இருக்குமென நம்ப இடமில்லை. அந்தந்தச் சமூகத்து மருத்துவரையே அமர்த்தினால் போதும் என்ற யோசனைக்கு இதைவிட வலு உண்டு. பிறர் போகத் தயங்கிய தொழிற்பேட்டை ஊர்களிலும் கிழக்கு இலண்டனிலும் பல பத்தாண்டுகள் குடும்ப மருத்துவத்தைத் தாங்கியவர்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்கள் பெரும்பங்கினர். தமிழ் மருத்துவர்களும் அதில் உண்டு. அந்த உழைப்புக்கு இன்னும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் துணிபு. ஆயினும் பல மொழி பேசும் தெருவில் மொழிக்கொரு மருத்துவர் வைக்க இயலாது. தவிரவும், மனச்சோர்வையோ கணவனின் அடியையோ தன் கோயிலுக்கு வரும் மருத்துவரிடம் சொல்லக் கூசி, அயலாரிடம் சொல்வதையே விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். இனத்தைப் பார்த்து மருத்துவம் செய்வது ஆளை அச்சில் வார்ப்பதாகாதா என்ற கேள்வியும் நேர்மையானது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதற்கு மட்டுமே பூர்வீகம் துணை. விடை அந்த ஒருவருடைய வாழ்விலிருந்தே வர வேண்டும். அதற்கும் நேரம்தான் வேண்டியிருக்கிறது.

கடினமான மறுப்பு வரிசையிலிருந்து வருகிறது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் முயன்று இடம் கிடைக்காத முதியவர், அவர் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், அடுத்தவருக்கு இருபது நிமிடம் என்றால் தனக்கு என்ன மிச்சம் என்று கேட்பார். அவர் கோபம் நியாயமானது, ஆனால் சேர வேண்டிய முகவரி வேறு. 2004 முதல் இங்கிலாந்தில் நிலையங்களுக்குப் பணம் பங்கிடும் கார்-ஹில் சூத்திரம் வயதையும் பாலினத்தையும் புதிதாகப் பதிவாவோரையும் கணக்கில் எடுக்கிறது. நோயாளி பேசும் மொழிக்கு அதில் இடமில்லை, வறுமைக்கும் நேரடி எடை இல்லை. எனவே உரைபெயர்ப்போடு இருபது நிமிடம் தரும் மருத்துவர் அதை அடுத்தவரின் நேரத்திலிருந்தே எடுக்கிறார். சூத்திரத்தில் மொழிக்கும் வறுமைக்கும் எடை கொடுத்தால், அதே தெருவில் இன்னொரு மருத்துவரை அமர்த்தலாம். எட்டு மணிக்கு அழைக்கும் முதியவருக்கும் இடம் கிடைக்கும்.