ஓமோன் சிகிச்சையும் பெண்ணின் உடற்பருமனும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐம்பது வயதை அணுகும் பெண்ணொருத்தியிடம் ஓமோன் சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால், புற்றுநோய் பற்றிய அச்சத்துக்கு அடுத்தபடியாக அவள் வெளியிடும் அச்சம் உடல் பருத்துவிடும் என்பதாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் “அந்தக் குளிசை போட்டால் உடம்பு ஊதும்” என்ற பேச்சு நம்மவரிடையே சாதாரணமாக வழங்குகிறது. இதே சிகிச்சை மேலைநாடுகளில் உடற்கட்டைக் காத்து இளமையை நீட்டிப்பது எனப் போற்றப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. ஒரு மருந்தின்மீது இவ்வாறு ஒன்றுக்கொன்று முரணான இரு நம்பிக்கைகள் படிந்த வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மாதவிடாய் நின்றுபோவதைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘மெனோபோஸ்’ என்னும் சொல்லைப் பிரான்சிய வைத்தியர் கார்தான் 1821ஆம் ஆண்டளவில் ஆக்கினார். பெயர் கிடைத்தபின் பரிகாரம் தேடும் முயற்சியும் வளர்ந்தது எனலாம். 1929இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியில் பூட்டெனாந்தும் தனித்தனியே ஈஸ்திரஜன் வகையொன்றைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் குதிரைச் சிறுநீரில் அவ்வோமோன் மிகுந்திருப்பதைச் சொண்டெக் கண்டார். கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து செய்யப்பட்ட ‘பிரேமரின்’ 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அம்மருந்தின் பெயரே ‘கருவுற்ற பெண்குதிரையின் சிறுநீர்’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். இதனை அறிந்து உட்கொண்டோர் எத்தனை பேரோ!

1966இல் நியூயோர்க் வைத்தியர் றொபேட் வில்சன் ‘என்றும் பெண்மை’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்திரஜனை வாழ்நாள் முழுவதும் கொடுத்தால் உடலழகும் இளமையும் குன்றா என்றும் அவர் வாதித்தார். மருந்துக் கம்பனிகளின் பணம் அவருக்குப் பின்னணியாக நின்றமை பின்னரே வெளிப்பட்டது. 1975இல் ஈஸ்திரஜனைத் தனியே உட்கொண்ட பெண்களிடையே கருப்பை உட்படலப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டின. அதன் பின்னர் கருப்பையுள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்திரோன் வகையொன்றும் சேர்த்துக் கொடுக்கப்படலாயிற்று.

இனி, நம் நாட்டில் எழுந்த அச்சத்துக்கு வருவோம். ஓமோன் குளிசை இலங்கைப் பெண்களிடையே பரவலாக அறிமுகமானது மாதவிடாய் நின்றோர்க்கான மருந்தாகவன்று, கருத்தடை மருந்தாகவே. 1953இல் தோன்றிய குடும்பத்திட்டச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வைத்தியர் சிவா சின்னத்தம்பி, 1960களின் தொடக்கத்தில் இங்கு அக்குளிசை பரீட்சிக்கப்பட்டபோது முன்னின்று உழைத்தவர். அக்காலத்துக் குளிசைகளில் ஓமோனின் அளவு இன்றுள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். ஈஸ்திரஜன் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் இயல்புடையது. ஆதலின் முதற் சில மாதங்களில் கால் வீக்கமும் மார்பகக் கனமும் தோன்றுதல் உண்டு. நீரால் வந்த இக்கனத்தைக் கொழுப்பெனக் கொண்டு தாய்மார் மகளிர்க்குச் சொல்லிவந்த எச்சரிக்கையே, இன்று மாதவிடாய் நின்றோர் பெறும் சிகிச்சைமீதும் சுமத்தப்பட்டுள்ளது என நாம் கருதுகின்றோம்.

பரீட்சைகள் சொல்வது யாது? அமெரிக்காவில் 875 பெண்களை மூன்றாண்டுகள் அவதானித்த ஆய்வொன்றின் முடிவுகள் 1995இல் வெளியாயின. அதில் போலிக் குளிசை பெற்றோரே ஓமோன் பெற்றோரைவிடச் சராசரி ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதலாகப் பருத்தனர். 16,608 பெண்கள் பங்கேற்ற மாபெரும் அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் முதலிய தீங்குகள் நன்மையை மிஞ்சியமையால் 2002இல் இடைநிறுத்தப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அதே ஆய்வில் 835 பெண்களின் உடற்கூட்டை அளந்தபோது, மூன்றாண்டு முடிவில் ஓமோன் பெற்றோரின் வயிற்றுப்புறக் கொழுப்பு சிறிதளவு குறைவாக இருந்தமை அவ்வளவு பேசப்படவில்லை. தசையைக் காப்பதில் முதலிற் கண்ட நன்மையோ ஆறாண்டுகளில் மறைந்துபோயிற்று. சுருங்கக்கூறின், இச்சிகிச்சை பருமனை விளைப்பதுமன்று, மெலியச் செய்யும் மருந்துமன்று.

அங்ஙனமாயின் அவ்வயதில் இடை பெருப்பதேன்? பெண்ணுடலில் இடுப்பிலும் தொடையிலும் தேங்கும் கொழுப்பையும் ஆணுடலில் வயிற்றில் தேங்கும் கொழுப்பையும் 1947இல் வேறுபடுத்திக் காட்டியவர் மார்செய் நகர வைத்தியர் ஜோன் வாக். ஈஸ்திரஜன் குன்றும்போது கொழுப்புத் தொடையைவிட்டு வயிற்றை நாடுகிறது. நிறையின் பெரும்பகுதி ஏறுவது முதுமையாலும் தசை குறைவதாலும் உழைப்புக் குறைவதாலுமாகும். யாழ்ப்பாணத்து வளவில் கிணற்றில் நீரள்ளி முற்றம் கூட்டிய பெண்ணொருத்தி, இடம்பெயர்ந்து வெள்ளவத்தை மாடிவீடொன்றில் குடியேறியபோது இழந்த உழைப்பை எந்தக் குளிசையின் கணக்கிலும் எழுதுதல் முறையன்று.

தொடைத்தோல் தோடம்பழத் தோல்போற் குழிவிழுதல் பற்றியும் ஒரு சொல். ‘செல்லுலைட்’ எனப்படும் இதற்குத் தமிழிற் பெயரில்லை. இல்லாதது ஒரு குறையன்று. பிரான்சில் 1920களில் மருத்துவ எழுத்தில் இடம்பெற்று, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க அழகு இதழ்களின்வழி பரவிய சொல் அது. 1978இல் ஜேர்மனிய ஆய்வாளர் இருவர், பெண்ணின் தோலுக்கடியில் நார்கள் செங்குத்தாக நிற்பதால் கொழுப்பு மேலே பிதுங்குவதையும், ஆணில் அவை சாய்வாகக் குறுக்கிடுவதால் அது தடைப்படுவதையும் விளக்கினர். ஆகவே இது நோயன்று, பெண்தோலின் அமைப்பு. ஈஸ்திரஜன் குன்றித் தோல் மெலியும்போது குழிகள் கூடுதலாகப் புலப்படலாம். எனினும் ஓமோன் சிகிச்சை அவற்றை அகற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தோலின் பொருட்டு இதனை விரும்பிக் கேட்பவளும், பருமனுக்கஞ்சி மறுப்பவளும் பிழையான கேள்வியையே கேட்கின்றனர். உடல் வெம்மையும் இரவு வியர்வையும் தாங்கவொண்ணாதபோது தணிப்பதும், எலும்பு தேய்வதைத் தடுப்பதுமே இச்சிகிச்சையின் மெய்யான பயன். மார்பகப் புற்றுநோய், குருதி உறைதல் ஆகிய வரலாறுடையோர்க்கு அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

இலங்கையில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கெனச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கப்பட்டன. குருதியமுக்கம், நிறை, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கு இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. தென்னாசியப் பெண்களுக்கு இடைச்சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டுவதே எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பியரைக் காட்டிலும் நம்மவர் குறைந்த நிறையிலேயே நீரிழிவுக்கு ஆளாவதால் தராசைவிட அளவுநாடாவே இங்கு கூடுதலாக உண்மை பேசும்.