பரிசா, பட்டறையா?

பள்ளிப் பிள்ளைகளைப் பொறியியல் பக்கம் இழுக்கப் போட்டி வைப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-இல் ஒரு கைவினைஞர் கழகம் தொடங்கி, நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியைச் சிறு உருவில் செய்யும்படி சிறுவர்களை அழைத்தது. பிறகு கார் மாதிரிகள் வந்தன. வென்றவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். ஆனால் 1968-இல் மூடும்வரை கழகத்தில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. பையன் வீட்டில் தனியாகச் செய்ததை மதிப்பிடுவதோடு அதன் வேலை முடிந்தது. இருக்கிற திறமையை அது பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய, மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தும் 'ஃபர்ஸ்ட்' அமைப்பு வேறு வழியில் போனது. எல்லோருக்கும் ஒரே உதிரிப்பொருட்களைக் கொடுத்து இயந்திரம் செய்து மோதவிடும் முறையை எம்.ஐ.டி. வகுப்பில் புகழ்பெறச் செய்திருந்த பேராசிரியர் உடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில், ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. வேலை பார்க்கும் பொறியாளர்கள் மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ரோபோ கட்டினார்கள். பிள்ளைகளை மாற்றுவது கோப்பையைவிட இந்தக் கூட்டு உழைப்புதான் என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்தானே சேர்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஃபர்ஸ்டில் பங்கேற்ற மாணவர்களையும் பங்கேற்காதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டது. தொடக்க வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோதும், பங்கேற்றவர்களின் அறிவியல், பொறியியல் நாட்டம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் விளைவு இன்னும் அழுத்தம். தானாக வந்து சேர்கிறவர்களைப் பற்றிய ஆய்வில் ஐயம் முழுதும் தீராது. ஆனாலும் ஆர்வம் மட்டுமே காரணமென்றால் இந்த இடைவெளியை விளக்குவது கடினம்.

ஆர்வம் எழுந்தால் போதுமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2004-இல் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸின் கார்ல் ஹேடன் பள்ளியைச் சேர்ந்த நான்கு மாணவர்கள், பிவிசி குழாய்களால் கட்டிய நீர்மூழ்கி ரோபோவைக் கொண்டு சான்டா பார்பராவில் நடந்த வேறொரு ரோபோ போட்டியில் எம்.ஐ.டி. அணியைத் தோற்கடித்தார்கள். நால்வரும் குடியேற்ற ஆவணமற்றவர்கள். 2006-இல் அரிசோனா வாக்காளர்கள் ஏற்ற ஒரு சட்டம் அத்தகைய மாணவர்களுக்கு, மாநிலவாசிகளுக்கான கல்லூரிக் கட்டணச் சலுகையைப் பறித்தது. நால்வரில் ஒருவர் பணம் கட்ட முடியாமல் பல்கலைக்கழகத்தைவிட்டு விலகினார். போட்டியில் வென்றது அவருடைய கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடவில்லை. அந்தச் சலுகையை அரிசோனா வாக்காளர்கள் மீண்டும் வழங்கியது 2022-இல்தான்.