அரிவாளணு நோயில் சிறுநீரகப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிதல்

மருத்துவமனைகளில் ‘சிக்கிள் செல்’ எனப்படும் அரிவாளணு நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஹீமோகுளோபின் மரபணு வந்து சேர்வதால் உண்டாகிறது. உயிர்வளி குறைந்த இடத்தில் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் இயல்பாகவே உயிர்வளி குறைவு, உப்புச்செறிவு மிகுதி. அதனால் அடைப்பு அங்கே சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் குறைவது சிறுநீரைச் செறிவாக்கும் திறன். குழந்தை இரவில் பலமுறை எழும், பாயை நனைக்கும். அதற்காகக் குழந்தையைத் திட்டுவது கொடுமை. அது நோயின் அறிகுறி.

சிறுநீரகத்தைச் சோதிக்கப் பலரும் நம்பியிருக்கும் இரத்தக் கிரியேட்டினின் அளவு இந்நோயில் ஏமாற்றும். தொடக்க ஆண்டுகளில் சிறுநீரகம் அளவுக்கு மீறி வடிகட்டுவதாலும், நோயாளிக்குத் தசை குறைவாக இருப்பதாலும் அந்த அளவு இயல்பாகவே தெரியும். அது உயரும்போது பாதிப்பு முற்றியிருக்கும். நம்பத்தக்கது காலைச் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் (யூரின் ஏசிஆர்). கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். காய்ச்சலோ வலியோ உள்ள நாளில் எடுத்த அளவு தவறாகக் காட்டலாம். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சிறிய அளவு அல்புமின் எளிதில் சிக்காது. 10 வயது முதல் ஆண்டுதோறும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது 2014இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். அல்புமின் கசிவு நீடித்தால் அதைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் உள்ளன.

இந்தியாவில் அரிவாளணு மரபணுவை 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பதிவுசெய்தனர். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாளணு ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது.

அந்தப் பரிசோதனை பழங்குடியினர் வாழும் மலைகளோடு நின்றால் போதாது. சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைப்பகுதிகளிலிருந்து பிழைப்புக்காகச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இறங்குவோர் உண்டு. கோழிப்பண்ணை, சேகோ ஆலை, லாரி வேலைகளில் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், உடம்புவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய வலிமாத்திரையை விழுங்குவதும் இந்நோயாளியின் சிறுநீரகத்தை விரைவாகக் கெடுக்கும்.

நோய் உறுதியானவர்கள், கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், ஆண்டுக்கொருமுறை யூரின் ஏசிஆர் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.