கடல் கடந்த ஆட்டத்தின் இரசிகன்

ஓர் ஆட்டத்தின் இரசிகனாக இருப்பதற்கு, அந்த ஆட்டம் நடைபெறும் மண்ணில் பிறந்திருக்க வேண்டுமா? பிரித்தானியாவிலே பேஸ்போல் ஆட்டத்தை நேசிக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களது அயலவர் உதைபந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நள்ளிரவில் நடைபெறும் ஓர் ஆட்டத்துக்காகக் கண் விழித்திருப்பார்கள். இந்த விசித்திரப் பிறவிகளின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் திருகோணமலைத் துறைமுகத்துக்கே சென்றுவிடுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இரவுப் பணி செய்தவன் நான். அக்காலத்தில் ரெலிபிரின்டர் இயந்திரம் விடிய விடியச் செய்திகளைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒக்டோபர் மாதம் வந்துவிட்டால் அமெரிக்க பேஸ்போல் இறுதித் தொடரின் முடிவுகளும் அந்தக் காகிதச் சுருளில் வந்து விழும். தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் அவற்றுக்கு இடமிருந்ததில்லை. கொழும்பு உதைபந்தாட்ட முடிவுக்கே அரைப் பத்திதான் கிடைக்கும். ஆயினும் அந்தச் சுருளைக் கிழித்துப் போடுமுன் ஒரு தடவை வாசித்துவிடுவது என் வழக்கமாயிற்று. அறியாத ஊர்களின் பெயர்களும் புரியாத எண்களும் எனக்கு ஏதோ ஒரு மகிழ்ச்சியைத் தந்தன.

பேஸ்போல் என்றால் என்னவென்று கேட்கும் நம்மவர்க்கு விளக்குவது கடினமன்று. இலங்கைப் பாடசாலைகளிற் படித்தவர்கள் 'எல்லே' விளையாடியிருப்பார்கள். தடியால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, வட்டமாக அமைந்த தரிப்பிடங்களைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் ஆட்டம் அது. பேஸ்போலின் உயிரும் அதுவே. தொண்ணூறு அடிக்கு ஒன்றாக நான்கு தளங்கள், அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்றுகள். வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். புறப்பட்ட தளத்துக்கு அமெரிக்கர் இட்ட பெயரும் 'வீடு' என்பதே. புலம்பெயர்ந்து வாழும் தமிழர்க்கு இது பொருள் பொதிந்த சொல்லாகத் தோன்றக்கூடும்.

பிரித்தானியாவுக்கு இந்த ஆட்டம் பலமுறை வந்தது. ஒரு முறையும் முழுமையாக வேரூன்றவில்லை. 1889 மார்ச்சில், விளையாட்டுப் பொருள் வணிகரான அல்பேர்ட் ஸ்போல்டிங் இரு அமெரிக்க அணிகளை லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்துக்கு அழைத்து வந்தார். வேல்ஸ் இளவரசர் ஆட்டத்தைப் பார்த்தார். நல்ல ஆட்டந்தான், ஆனால் கிரிக்கெட் இதனினும் மேலானது என்பது அவரது தீர்ப்பு. மறு ஆண்டே அங்கு ஒரு தொழில்முறைத் தொடர் தொடங்கியது. அஸ்டன் வில்லா, பிரெஸ்டன், ஸ்டோக், டார்பி என நான்கு அணிகள் ஆடின. அஸ்டன் வில்லா வென்றது. தொடரும் அத்துடன் முடிந்தது. டார்பி நகரில் பேஸ்போலுக்கென உருவான மைதானத்தில் 1895 முதல் 1997 வரை டார்பி கவுண்டி கழகம் உதைபந்தாட்டம் ஆடியது. மைதானத்தின் பெயர் மட்டும் இறுதிவரை 'பேஸ்போல் கிரவுண்ட்' என்றே நிலைத்தது. 1938இல் இங்கிலாந்து அணி அமெரிக்க அணியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது என்பதைக் கூறினால் பலர் நம்பமாட்டார்கள்; ஆனால் அது நடந்தது.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். ஸ்போல்டிங்கின் அணிகள் லண்டனைக் காணுமுன்னரே கொழும்பைக் கண்டுவிட்டன என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்ட அவர்களது கப்பல் 1889 ஜனவரியில் கொழும்பில் தரித்தபோது அங்கு ஓர் ஆட்டம் ஆடினார்கள். பின்னர் எகிப்து சென்று, பெப்ரவரியில் பிரமிட்டுகளின் அருகே மணலில் ஆடினார்கள். ஆகவே பேஸ்போலை இலண்டன் ஓவலுக்கு முன்பே, இந்தச் சுற்றுப்பயணத்தில், இலங்கை மக்கள் பார்த்துவிட்டனர். 1914 ஜனவரியிலும் சிக்காகோ, நியூயோர்க் அணிகள் உலகைச் சுற்றி வந்தபோது கொழும்பில் ஆடிச் சென்றன.

இப்படிக் கப்பல் தரிக்கும் சில மணி நேரத்தில் ஆட்டம் பார்ப்பது இலங்கையருக்குப் பழகிப்போன ஒன்று. 1882இல் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி கொழும்பில் இறங்கி கிரிக்கெட் ஆடியது முதல், கப்பல் வழிப் பயணம் முடியும் காலம்வரை இது தொடர்ந்தது. 1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அணி கொழும்பு ஓவலில் ஒரு நாள் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். ஆடுகளம் இருபத்திரண்டு யார் இருப்பதற்குப் பதிலாக இருபது யார்தான் இருந்தது என்பது ஆட்டத்தின் நடுவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரரை ஒரு பகல் மட்டும் காணும் பேறு. அந்தப் பகலிலும் இரண்டு யார் குறைவு! தூரத்து இரசிகனின் நிலையை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது.

திருகோணமலைக்கு அந்த ஒரு பகல்கூடக் கிடைக்கவில்லை. பயணிகள் கப்பல்களின் வழி கொழும்பு வழி. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்பட்ட நம் துறைமுகத்துக்கு வந்தவை போர்க்கப்பல்களே. அவையும் ஆட்டங்களைக் கொண்டுவந்தன. கடற்படையினர் உதைபந்தாட்டமும் ஹொக்கியும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். டொக்யார்ட்டில் வேலை செய்த நம்மவர்கள் பார்த்தார்கள், பழகினார்கள், பின்பு எதிரணியாக நின்று ஆடினார்கள். திருகோணமலை உதைபந்தாட்டத்தின் பெருமைக்கு அதுவே விதை எனலாம்.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஈராண்டுகள் கழித்து, 1944 மார்ச் 31 அன்று, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரட்டோகா மூன்று நாசகாரிக் கப்பல்களுடன் திருகோணமலைக்கு வந்து பிரித்தானியக் கீழைத்தேயக் கடற்படையுடன் இணைந்தது. ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் மீதும், மே 17இல் யாவாவின் சுரபாயா மீதும் நடந்த தாக்குதல்களிற் பங்குபற்றிவிட்டு அது விடைபெற்றது.

அந்த இளைஞர்களின் நாட்டில் ஏப்ரல் மாதம் பேஸ்போல் பருவம் ஆரம்பிக்கும் மாதம். போர் நடந்தாலும் ஆட்டம் நிற்கக்கூடாதென்று 1942 ஜனவரியிலேயே சனாதிபதி ரூஸ்வெல்ட் எழுத்துமூலம் கருத்துக் கூறியிருந்தார். ஆகவே 1944 ஏப்ரலில், தாயகத்தில் ஆட்டம் தொடங்கிய அதே வாரத்தில், சரட்டோகாவின் மாலுமிகள் சபாங் நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த நாட்களில், தூரத்து இரசிகன் என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் எவர்? இக்கரையில் வெள்ளைமணலிலும் சீனன்குடாவிலும் இருந்த நம்மவர் அக்கப்பல்களைப் பார்த்தனர். கப்பலில் இருந்தோர் தம் ஊரை நினைத்தனர்.

கப்பலுக்கு அடுத்தபடியாக வந்தது வானொலி. 1925இல் கொழும்பு வானொலி தொடங்கியது. போர்க் காலத்தில் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தன் படையினருக்காக 'ரேடியோ சியாக்' என்ற நிலையத்தை இலங்கையில் நிறுவியது. ஏக்கலையிலிருந்த அதன் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகளே பின்னர் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு, தமிழகமெங்கும் கேட்ட இலங்கை வானொலியின் குரலாயின. வீடு நினைத்து ஏங்கிய சிப்பாய்க்காக உருவான இயந்திரம், பின்னர் நம் வீடுகளுக்குள் உலகத்தைக் கொண்டுவந்தது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையைக் கையளித்துவிட்டுச் சென்றது. கப்பல்கள் போயின, வானொலி நின்றது. 1984 முதல் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரையோரத்தில் அஞ்சல் நிலையம் நடத்தியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகின் குரல்களை ஆசியாவெங்கும் அனுப்பிய அந்தக் கோபுரங்களின் நிழலில் வாழ்ந்த மக்களுக்கோ, போர்க் காலத்தில் தம் உறவினரின் சேதியை அறிவதே பெரும்பாடாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். செய்திக்காகச் சுழற்றிய சில்லு, கிரிக்கெட் வர்ணனைக்காகவும் சுழன்றது என்பதை அக்காலத்தவர் அறிவர்.

இங்குதான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. மூவினத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் திருகோணமலையில், ஒருவன் எந்த அணிக்குக் கைதட்டுகிறான் என்பது வெறும் விளையாட்டு விவகாரமாக இருந்ததில்லை. இலங்கை வென்றால் கைதட்டினான், அல்லது தட்டாமல் இருந்தான். இரண்டுக்கும் பிறர் பொருள் கற்பித்தார்கள். 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, அந்த அணியில் கண்டியைச் சேர்ந்த தமிழர் முத்தையா முரளிதரன் இருந்தார். மகிழ்ச்சியை அடக்க முடியாதவரும் இருந்தனர்; மகிழ முடியாதவரும் இருந்தனர்; இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தவரும் உண்டு. பிரித்தானியாவிலும் இதே சோதனை வேறு உருவில் நடந்தது. குடிவந்தோர் எந்த நாட்டு அணியை ஆதரிக்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் விசுவாசத்தை அளக்கலாம் என்று 1990இல் நோர்மன் ரெபிற் என்ற அரசியல்வாதி கூறியது பெரும் சர்ச்சையானது.

பேஸ்போலை நேசிக்கும் ஆங்கிலேயனை எவரும் அவ்வாறு சோதிப்பதில்லை. பொஸ்டன் அணியை ஏன் ஆதரிக்கிறாய் என்று கேட்டால், அதன் சீருடை பிடித்தது என்று சொல்லிவிட்டு அவன் போகலாம். பிறப்போ, மதமோ, மொழியோ அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. தூரத்து ஆட்டம் தரும் பெரிய கொடை இந்தச் சுதந்திரமே. ரெலிபிரின்டர் சுருளில் நான் கண்ட இனந்தெரியாத மகிழ்ச்சியின் பொருளும் இதுவென்றே இன்று எண்ணுகிறேன். ஊரெல்லாம் பக்கம் பிரிந்து நின்ற காலத்தில், எந்தப் பக்கமும் சாராமல் வாசிக்கக்கூடிய ஒரே செய்தி அதுவாக இருந்தது.

1997 முதல் 2008 வரை பிரித்தானியாவின் சனல் 5 தொலைக்காட்சி நள்ளிரவுகளில் பேஸ்போலை நேரடியாகக் காட்டியது. ஒரு சிறு கூட்டம் தூக்கம் கெட்டுப் பார்த்தது. 2019 ஜூனில் நியூயோர்க் யாங்கீசும் பொஸ்டனும் லண்டனுக்கே வந்து இரு ஆட்டங்கள் ஆடியபோது, அக்கூட்டம் சிறிதன்று என்பது தெரியவந்தது. 2023இல் பிரித்தானிய அணி முதன்முறையாக உலக பேஸ்போல் கிளாசிக்கில் ஆடி, கொலம்பியாவை 7-5 என வென்றது.

நேரக் கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவில் ஒக்டோபர் இரவு எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஆட்டம், லண்டனில் அதிகாலை ஒரு மணி. திருகோணமலையிலோ காலை ஐந்தரை மணி. லண்டன் இரசிகன் தூக்கத்தை விற்று வாங்குவதை, திருகோணமலைக்காரன் காலைத் தேநீரோடு பெற்றுக்கொள்ளலாம். ரொறன்ரோ பெரும்பாகத்தில் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்கு பிறந்த நம் பிள்ளைகளுக்கு புளூ ஜேஸ் தூரத்து அணியன்று, ஊர் அணி. 1992, 1993 ஆண்டுகளில் கிண்ணத்தை வென்ற அந்த அணி, 2025இல் மீண்டும் இறுதித் தொடருக்கு வந்தது. ஏழாவது ஆட்டம் பதினொரு சுற்றுகள் வரை நீண்டு, 5-4 என லொஸ் ஏஞ்சலிஸ் டொஜர்ஸிடம் தோற்றபோது ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்திருந்தது. திருகோணமலையில் காலை பத்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது தூரத்து இரசிகர் யார்? பேரப்பிள்ளை எதற்காக அழுகிறது என்று கைத்தொலைபேசியில் கேட்டறிய முயலும் உட்துறைமுகவீதிப் பாட்டனார்தான். எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்நியரின் ஆட்டமாகக் கப்பலில் இருந்த பேஸ்போல், இன்று உறவினரின் ஆட்டமாகிவிட்டது. அந்தப் பாட்டனாருக்கு ஒரு வார்த்தை: விதிகளைக் கண்டு மலைக்க வேண்டாம். எல்லே ஆடிய கால்களுக்கு அந்த வட்டம் தெரியும். பிள்ளையிடம் கேளுங்கள், பிள்ளை சொல்லித் தரட்டும். நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ இருப்பதாக எண்ணுகிறோம். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஓர் ஆட்டமாவது இருப்பது நல்லதே.