வாய்ப்பூஞ்சை: ஸ்டீராய்டு இன்ஹேலரும் முதியோரும்

ஆஸ்துமாவுக்கோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கோ ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு வரும் பக்கவிளைவுகளில் ஒன்று வாய்ப்பூஞ்சை. பெரும்பாலும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சையே காரணம். இது நலமாக இருக்கும் பலரின் வாயிலும் தொல்லை தராமல் வாழ்வதுதான்.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நேரே வாயில் வைத்து இழுத்தால், மருந்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. அங்கே அது நோயெதிர்ப்பைத் தணிக்க, பூஞ்சை பெருகுகிறது. மருந்தளவு கூடினால் ஆபத்தும் கூடும். நுரையீரலுக்குள் சென்ற பிறகே பெரும்பாலும் வீரியம் பெறும் சிக்ளெசொனைடு என்ற ஸ்டீராய்டில் இந்த ஆபத்து குறைவு.

முதியோரிடம் மருந்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கை நடுக்கத்தால் அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒத்துவராமல் போகும். சர்க்கரை நோய் இருக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கத் தரும் டயோட்ரோபியமும் சில மனச்சோர்வு மருந்துகளும் வாயை உலர்த்துவதால், பூஞ்சையை அடக்கிவைக்கும் எச்சில் குறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்செட். மேல்செட் அண்ணத்தோடு ஒட்டும் இடத்தில் எச்சில் புகாது. செட்டைக் கழற்றாமல் கொப்பளித்தால் தண்ணீரும் புகாது. இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொல்லும் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வழித்தால் அடியில் சிவந்திருக்கும். பல்செட் போடுபவர்களுக்கு வெள்ளையே இல்லாமல் அண்ணம் மட்டும் சிவந்திருப்பதும் உண்டு. கடைவாய் வெடிப்பு, எரிச்சல், ருசி மாறுதல் ஆகியவையும் அறிகுறிகள். வழித்தாலும் வராத வெள்ளைத் திட்டு வேறு விஷயம்: புகையிலை போடுபவர் என்றால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமா என்று பார்த்தாக வேண்டும். விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம்.

இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற இடைக்குழலை மாட்டி இழுப்பதும், பிறகு செட்டைக் கழற்றிக் கொப்பளித்துத் துப்புவதும் தடுப்பு முறைகள். பல் துலக்குவதற்குச் சற்று முன் இன்ஹேலர் எடுப்பது பழக்கத்துக்கு எளிது. வாய்ப்பூஞ்சைக்குப் பயந்து தானாக இன்ஹேலரை நிறுத்துவது தவறு, மூச்சுத்திணறல் திரும்பிவிடும்.

சிகிச்சைக்கு நிஸ்டாட்டின் திரவம் அல்லது வாயில் தடவும் குளோட்ரிமசோல், பொதுவாக 7 முதல் 14 நாள். முற்றியிருந்தால் புளூகொனசோல் மாத்திரை. ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும், சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தாழ்த்தும். இரவில் கழற்றி வைக்கும் பல்செட்டையும் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கி நீரில் ஊறவைக்காவிட்டால், மருந்து முடிந்ததும் பூஞ்சை அதிலிருந்தே மறுபடி தொற்றும்.